நசுக்கும் முன் உற்றுப் பாருங்கள்: ஒட்டுண்ணிக் குளவிகள் பற்றிய கேள்வி பதில்

ஒட்டுண்ணிக் குளவிகள் குறித்து வாசகர்கள் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல், "இலையில் இப்படி ஒன்று இருக்கிறது, அழித்துவிடலாமா?" என்ற கேள்விதான். அவற்றில் பலவற்றுக்கு 'வேண்டாம்' என்பதே பதில். குளவியை நேரில் பார்ப்பது அரிது. அது விட்டுச் செல்லும் தடயங்கள்தான் எளிதில் கண்ணில் படும். அதனால் பதில்களில் தடயங்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

செடிகளுக்கு இடையே கொசு அளவில், நீண்ட கொம்புகளோடு ஒரு பூச்சி திரிகிறது. சிலர் குளவி என்கிறார்கள், சிலர் ஈ என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு மார்பும் வயிறும் சேரும் இடம் நூல்போல ஒடுங்கியிருக்கும். ஈக்கும் கொசுவுக்கும் அப்படி ஒரு இடுப்பு கிடையாது.

அடுத்தது கொம்பு. ஈயின் கொம்பு பெரும்பாலும் குட்டையானது, முகத்தோடு ஒட்டிக்கிடக்கும். ஒட்டுண்ணிக் குளவியின் கொம்பு நீளமானது, ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். இலையைக் கொம்பால் தட்டித் தட்டி, நின்று, திரும்பி, மறுபடி தட்டி நடக்கும். அந்த நடையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். உணவு தேடும் ஈ அப்படி நடக்காது.

இறக்கையை எண்ணுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈக்கு 2 இறக்கை, குளவிக்கு 4 என்பது சரிதான். ஆனால் குளவியின் பின்னிறக்கை சிறியது. அதன் விளிம்பில் உள்ள நுண்ணிய கொக்கிகள் முன்னிறக்கையைப் பிடித்துக்கொள்வதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இல்லாமல் எண்ணினால் தவறிவிடும்.

பறக்கும் எறும்போடு குழப்பம் வந்தால் இடுப்பிலேயே விடை இருக்கிறது. எறும்பின் இடுப்பில் மேல்நோக்கி ஒன்றோ இரண்டோ கணுக்கள் புடைத்திருக்கும். கொம்பு முழங்கைபோல மடிந்திருப்பதை மட்டும் வைத்து எறும்பு என்று முடிவு கட்டாதீர்கள். கால்சிட் குடும்பங்களைச் சேர்ந்த குட்டிக் குளவிகளுக்கும் கொம்பு அப்படித்தான் மடிந்திருக்கும்.

பேனும் உண்ணியும்கூட ஒட்டுண்ணிகள்தானே? இந்தக் குளவியை ஏன் தனியாகப் பேசுகிறோம்?

பேன் தான் அண்டிய உயிரைக் கொன்றுவிட்டால் அதற்கே வாழ வழியில்லை. இந்தக் குளவியின் கதை வேறு. தாய்க்குளவி வேறொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ தன் முட்டையை வைக்கும். வெளிவரும் இளம்புழு அந்தப் பூச்சியைத் தின்றே வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிடும். வளர்ந்த குளவிக்குப் பூந்தேனும், அசுவினி போன்ற பூச்சிகள் கசியவிடும் தேன்துளியும் போதும். சில இனங்களில் தாய்க்குளவி இரையைக் குத்தி, கசியும் உடல்நீரையும் உறிஞ்சும்.

வயிற்று நுனியில் உடலைவிட நீளமாக ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் குளவியைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கொட்டுமா?

அந்த நீண்ட ஊசி கொட்டுவதற்கானது அல்ல, முட்டையிடுவதற்கானது. உள்ளே ஒரு நடு ஊசியும், அதை இருபுறமும் மூடும் இரண்டு உறைகளுமாக இருப்பதால், உறைகள் பிரிந்து நிற்கும்போது மூன்று வால் முளைத்ததுபோலத் தெரியும். மெகாரைசா என்ற பெரிய குளவி இந்த ஊசியால் மரத்தைத் துளைத்து, பல சென்டிமீட்டர் ஆழத்தில் ஒளிந்திருக்கும் மரவாள் குளவியின் புழுமேல் முட்டை வைக்கும். துளைக்கும்போது அது நகர முடியாமல் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், ஒன்றும் செய்யாது.

கவனமாக இருக்க வேண்டியது, ஊசி வெளியே தெரியாத இன்னொரு வகையிடம். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறக் குளவி. வயிறு பக்கவாட்டில் தட்டையாகி அரிவாள்போல வளைந்திருக்கும், கண் பெரிதாக இருக்கும். நெட்டீலியா, ஓஃபியான் வகைகள் இப்படி இருக்கும். கையால் பிடித்தால் சுருக்கென்று குத்தும். ஒரு கண்ணாடிக் குவளையால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடுங்கள்.

வெல்வெட் துணிபோல ரோமம் அடர்ந்து, சிவப்பும் கறுப்புமாகத் தரையில் ஓடும் 'பெரிய எறும்பு' ஒன்றைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அது எறும்பல்ல, இறக்கையில்லாத பெண் குளவி. அதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. கொட்டினால் கடுமையாக வலிக்கும்.

முட்டைக்கோஸ் இலையில் ஒரு பச்சைப்புழு அசையாமல் கிடக்கிறது. அதைச் சுற்றி மஞ்சள் பஞ்சுபோல ஏராளமான முட்டைகள். புழுவோடு சேர்த்து நசுக்கிவிட்டேன். சரிதானே?

இல்லை. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். இந்தத் தவறு நடக்காத தோட்டமே குறைவு.

ஒன்றை நினைவில் வையுங்கள்: புழு முட்டையிடாது. முட்டையிடுவது வளர்ந்த பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும்தான். ஆகவே புழுவின் மேலோ அருகிலோ கொத்தாக இருப்பது அதன் முட்டையாக இருக்க முடியாது. நீங்கள் பார்த்தவை கோட்டீசியா என்ற சிறு குளவியின் பட்டுக்கூடுகள்.

நடந்தது இதுதான். புழு சிறியதாக இருந்தபோதே தாய்க்குளவி அதன் உடலுக்குள் 20, 30 என்று முட்டைகளை வைத்துவிட்டது. கூடவே ஒரு வைரஸையும் செலுத்தியது. அந்த வைரஸ் புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிவிடும். இல்லாவிட்டால் புழுவின் ரத்த அணுக்கள் குளவி முட்டையைச் சூழ்ந்து கொன்றுவிடும். குளவியின் குஞ்சுப்புழுக்கள் இரண்டு, மூன்று வாரம் உள்ளேயே வளர்ந்து, ஒரே நேரத்தில் தோலைத் துளைத்து வெளியே வந்து, அங்கேயே மஞ்சள் பட்டு நூற்றுக் கூடு கட்டிக்கொண்டன. அப்போதும் பச்சைப்புழு உடனே சாவதில்லை. சில நாள் அந்தக் கூடுகளின் மேலேயே கிடக்கும். தொட்டால் தலையைத் தூக்கி ஆட்டும். தன் பட்டையும் கூடுகளின் மேல் நூற்றுப் போர்த்தும். அது மீண்டும் இலை தின்னப்போவதில்லை. அதை விட்டுவைத்தால் கூடுகளுக்குக் காவலாக இருக்கும்.

முட்டையையும் கூட்டையும் பிரித்தறிவது எளிது. முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில், செங்குத்தாக, நீளவாட்டில் வரிகளோடு குப்பிபோல நிற்கும், பஞ்சு இருக்காது. குளவிக் கூடு படுத்த நிலையில், அரிசிமணி வடிவில், பட்டு மினுமினுப்போடு, ஒன்றோடொன்று நூலால் பின்னிக் கிடக்கும். ஊசிமுனையால் இழுத்தால் நூல் வரும்.

கூடு எப்போதும் மஞ்சளாகவோ கொத்தாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. புகையிலைக் கொம்புப்புழுவின் முதுகில் வெள்ளைக் கூடுகள் நெல்மணிகளை நட்டுவைத்ததுபோல நிமிர்ந்து நிற்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தாக்கும் கோட்டீசியா ஒரு புழுவுக்கு ஒரே கூடுதான் கட்டும். அதை அந்துப்பூச்சியின் சொந்தக் கூட்டோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அந்துப்பூச்சியின் கூடு வலைபோல இடைவெளியோடு இருக்கும், உள்ளே இருக்கும் கூட்டுப்புழு நன்றாகத் தெரியும். குளவியின் கூடு நெருக்கமான நெசவு, உள்ளே எதுவும் தெரியாது. வலைக்கூடு அந்துப்பூச்சியுடையதாகவே இருந்து, உள்ளே இரு முனையும் மழுங்கிய குப்பி ஒன்று இருந்தால், அது டயடெக்மா என்ற வேறொரு குளவி.

அறுவடையில் அந்த இலையை எடுத்தே ஆகவேண்டும் என்றால், கூடுள்ள பகுதியைக் கிள்ளி நிழலில் ஒரு செடியடியில் வைத்துவிடுங்கள். பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் குளவிகள் வெளியே வரும்.

அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் உப்பி, பழுப்பு மணிகள்போல ஒட்டிக்கிடக்கின்றன. இது நோயா?

நோயல்ல, 'மம்மி'. அஃபிடியஸ் இனக் குளவி அசுவினியின் முன்னால் நின்று, தன் வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னோக்கி மடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே வளரும் புழு அசுவினியின் உள்ளுறுப்புகளைத் தின்று முடித்தபின், அடிவயிற்றில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியே பட்டால் அசுவினியை இலையோடு ஒட்டிவிடும். அதனால்தான் மம்மி இலையைவிட்டு வராது. இலையைத் தட்டிப் பாருங்கள்: உயிருள்ள அசுவினி நகரும், உதிர்ந்த தோல் பறந்துவிடும், மம்மி அப்படியே இருக்கும்.

நிறமும் வடிவமும் எந்தக் குளவி என்று சொல்லும். பொன்பழுப்பில் உருண்டையாக உப்பியிருந்தால் அஃபிடியஸ் போன்றவை. கறுப்பாக, அவ்வளவு உப்பாமல், அசுவினியின் வடிவம் மாறாமல் இருந்தால் அஃபிலினஸ். அசுவினியின் வெற்றுத்தோல் ஒரு சிறு வெள்ளைக் கூடாரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தால் பிரயான். இவை எதுவும் இல்லாமல், சுருங்கித் தட்டையாகி மேலே மெல்லிய பூஞ்சை படர்ந்திருந்தால், அது பூஞ்சணத்தால் செத்த அசுவினி.

துளையையும் லென்ஸில் பாருங்கள். குளவி வெளியேறிய மம்மியின் பின்புறத்தில் வட்டமான, விளிம்பு சீரான துளை இருக்கும். சில சமயம் வெட்டிய மூடி கதவுபோல ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். விளிம்பு கடித்துக் குதறியதுபோல ஒழுங்கில்லாமல் இருந்தால், வந்தது வேறு ஆள். மம்மிக்குள் இருந்த நல்ல குளவியையே தின்று வளர்ந்த இரண்டாம்நிலை ஒட்டுண்ணி அது. அப்படிப்பட்ட துளைகளே அதிகம் தென்பட்டால், அசுவினி குறையும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஒரு கணக்கு தவறாமல் இருக்கட்டும். குளவி குத்திய அசுவினி, மம்மியாகும்வரை ஒரு வாரத்துக்கு மேல் சாதாரணமாகவே தெரியும். அதனால் இன்று 10 மம்மிகள் தெரிந்தால், உள்ளே குளவிப்புழு வளரும் அசுவினிகள் இன்னும் பல இருக்கும். மம்மி கண்ணில் பட்ட அன்றே மருந்தடிப்பதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய அவசரம். 4, 5 நாள் பொறுத்து அதே இலைகளில் மறுபடி எண்ணுங்கள். மம்மியின் பங்கு கூடியிருந்தால் குளவி முந்திவிட்டது என்று பொருள். அசுவினி மட்டும் கூடி மம்மி அப்படியே இருந்தால் தலையிடலாம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். ஒட்டியிருப்பதால் மம்மிகள் பெரும்பாலும் தப்பிவிடும், அசுவினிகள் விழுந்துவிடும்.

வெள்ளை ஈ தாக்கிய இலையின் அடியில் கறுப்புச் செதில்கள். கரும்பூசணம் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

கரும்பூசணம் ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். ஒட்டியே இருந்தால் என்கார்சியா என்ற, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் குளவியின் வேலையாக இருக்கலாம். பசுமைக்குடில் வெள்ளை ஈயின் செதில்போன்ற இளநிலையை அது தாக்கினால் செதில் கறுப்பாகும். பெமிசியா எனப்படும் மற்ற வெள்ளை ஈயில் கறுப்பாகாது, தேன்பழுப்பாகவே நிற்கும். நிறத்தை மட்டும் நம்பிக் 'குளவி இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

இங்கும் துளைதான் உறுதியான சாட்சி. வெள்ளை ஈ வெளிவந்த செதிலின் முதுகு 'டி' எழுத்து வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளிவந்ததில் வட்டத் துளை இருக்கும். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துபவர்கள் அடுத்த தலைமுறைக் குளவிகளையும் சேர்த்தே அப்புறப்படுத்துகிறார்கள்.

இலையில் வரிசையாகப் பீப்பாய் வடிவ முட்டைகள், கறுத்துப்போயிருக்கின்றன. நாவாய்ப்பூச்சி முட்டை கெட்டுவிட்டதா?

மொத்தமாகக் கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தால் பெரும்பாலும் முட்டை ஒட்டுண்ணிதான். சில நாவாய்ப்பூச்சிகளின் முட்டை இயல்பிலேயே கருமையாக இருக்கும். ஆகவே பொரிந்தபின் பாருங்கள். நாவாய்க்குஞ்சு வந்திருந்தால் மேல்மூடி வட்டமாகக் கழன்று திறந்திருக்கும். குளவி வந்திருந்தால் மூடியில் கடித்த, ஒழுங்கற்ற துளை தெரியும்.

காய்ப்புழுவுக்காக டிரைக்கோகிரம்மா அட்டை கட்டினேன். பலன் தெரியவில்லை. அட்டை போலியா?

டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஏறிய பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை இது. அட்டை மோசமாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை பல.

முதலில் காலம். டிரைக்கோகிரம்மா முட்டையை மட்டும்தான் தாக்கும். புழு காய்க்குள் புகுந்தபின் எத்தனை அட்டை கட்டினாலும் பயனில்லை. அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கும்போதே, இனக்கவர்ச்சிப் பொறியில் முதல் பூச்சிகள் விழுந்ததும், அட்டை வயலில் இருக்க வேண்டும். முட்டை புதிதாக இருந்தால்தான் குளவிக்குப் பிடிக்கும்; உள்ளே புழு உருவாகி முதிர்ந்த முட்டை உதவாது. ஒருமுறை கட்டிவிட்டு நிறுத்துவதும் தவறு. அந்துப்பூச்சி வாரக்கணக்கில் முட்டையிடுகிறது, குளவியோ சில நாள்தான் வாழ்கிறது. அதனால் வாரம் ஒருமுறையாகப் பல முறை விடவேண்டும். ஹெக்டேருக்கு ஒரு முறைக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை என்பது பொதுவான அளவு. பயிருக்கும் பூச்சிக்கும் ஏற்ப மாறும். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறக்குறைய 16,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும்.

அடுத்தது அட்டையின் தரம். முட்டைகள் கறுத்திருக்க வேண்டும். வெளுத்தவை குளவி ஏறாதவை. அவை நிறைய இருந்தால் அட்டை தரமானதல்ல. குளவி வெளியேறிய பின்னும் முட்டையின் ஓடு கறுப்பாகவே இருக்கும் என்பதால், 'இன்னும் கறுப்பாக இருக்கிறது, பொரியவில்லை' என்று முடிவு செய்துவிடாதீர்கள். லென்ஸில் ஊசிமுனைத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி, சோதனைக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். குளவிகள் வந்தால், புள்ளிபோன்ற பூச்சிகள் குழாயின் வெளிச்சமான பக்கம் நடமாடும். கண் சிவப்பு, நீளம் அரை மில்லிமீட்டருக்குள்.

மூன்றாவது, கட்டும் விதம். துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்பக்கம் நிழலில், காலையிலோ மாலையிலோ பின் அடித்து மாட்டுங்கள். இந்தக் குளவி சில மீட்டருக்கு மேல் தானாகப் பறந்து தேடாது. எனவே எல்லாத் துண்டையும் ஒரே வரிசையில் கட்டினால் மற்ற இடங்கள் வெறுமையாக இருக்கும். 5 முதல் 10 மீட்டருக்கு ஒன்று என்று பரப்புங்கள். எறும்பு ஒரே இரவில் அட்டையைத் துடைத்துவிடும். மறுநாள் முட்டைகள் உதிர்ந்து வெறும் பசை தெரிந்தால் எறும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பலனை எங்கே தேடுவது? வயலில் அந்துப்பூச்சி இட்ட முட்டைகளில். ஒட்டுண்ணி ஏறிய முட்டை 3, 4 நாளில் முழுவதும் ஒரே சீராகப் பளபளவென்று கறுக்கும். பொரியும் நிலையில் உள்ள நல்ல முட்டையிலும் கறுப்பு தெரியும், ஆனால் அது ஒரு மூலையில் புள்ளியாக மட்டும்: உள்ளே இருக்கும் புழுவின் தலை. இந்த வித்தியாசம் தெரியாமல் 'எல்லாம் கறுத்துவிட்டது' என்று நிம்மதியடைந்து ஏமாந்தவர்கள் உண்டு. முட்டைக் குவியல் மேல் ரோமப் போர்வை இருக்கும் பூச்சிகளிடம் டிரைக்கோகிரம்மா திணறும். அங்கே டெலினோமஸ் என்ற வேறொரு முட்டை ஒட்டுண்ணிக் குளவி பொருத்தம்.

பட்டாம்பூச்சிக் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வராமல் குட்டிக் குட்டிக் குளவிகள் வந்தன. எப்போது நுழைந்தன?

டெரோமாலஸ் என்ற பளபளக்கும் சிறு குளவியாக இருக்கலாம். கூடு கட்டப்போகும் புழுவின் அருகிலேயே அது காத்திருக்கும். தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகும் கணத்தில் மேல்தோல் மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் குத்தி முட்டையிடும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில்கூட வரும். மாறாக ஒரே ஒரு கறுப்புக் குளவி, பின்தொடை மட்டும் பருத்து வந்திருந்தால் அது பிராக்கிமீரியா.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மெல்லத் தொட்டுப் பாருங்கள். நலமான கூட்டுப்புழு வயிற்றை நெளிக்கும். ஒட்டுண்ணி ஏறியது விறைத்து, மங்கிய செம்பழுப்பாகிவிடும். பட்டாம்பூச்சி வரும் முன்பும் கூடு கருமையாகும். ஆனால் அப்போது தோலுக்குள் இறக்கையின் வண்ணம் தெரியும். புழுவிலிருந்தோ கூட்டிலிருந்தோ நூல்போலக் கசிவு தொங்கி, கீழே வழவழப்பான பழுப்புப் பீப்பாய்கள் கிடந்தால் அது குளவியே அல்ல, டேக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈ. புழு வளர்ப்பவர்கள் முட்டையாக இருக்கும்போதே எடுத்து, நெருக்கமான வலைக்குள் வளர்ப்பதுதான் தடுக்கும் வழி.

பொறிவண்டு ஒன்று பஞ்சுருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகராமல் இருக்கிறது. முட்டையை அடைகாக்கிறதா?

டைனோகாம்பஸ் என்ற குளவியின் கூட்டை அது காவல்காக்கிறது, தன் விருப்பத்தால் அல்ல. வண்டின் உடலில் வளர்ந்த ஒரே ஒரு புழு வெளியே வந்து, அதன் கால்களுக்கு நடுவே கூடு கட்டிக்கொள்ளும். குளவியோடு சேர்ந்து வரும் ஒரு வைரஸ் வண்டின் நரம்புமண்டலத்தைத் தாக்குகிறது என்று 2015-இல் கண்டறிந்தார்கள். வண்டு நடுங்கியபடி அங்கேயே நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், குளவி போனபின் சில வண்டுகள் பிழைத்து எழுந்து மறுபடி இரை தின்கின்றன. பிரித்து எடுக்காதீர்கள், வண்டுக்கு அதனால் நன்மை கிடையாது.

'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்கிறார்களே. அதுவும் ஒட்டுண்ணிக் குளவிதானா?

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்ல கவனிப்பு இருக்கிறது, முடிவுதான் பிசகியது. சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒவ்வொரு அறையிலும் புழுக்களையோ சிலந்திகளையோ கொண்டுவந்து அடைக்கும். கொட்டி மயக்கியவை, சாகாதவை; அதனால் கெட்டுப்போகாது. மேலே ஒரு முட்டை வைத்து மண்ணால் மூடிவிடும். முன்பு உடைத்துப் பார்த்தவருக்குப் பச்சைப்புழு தெரிந்தது, பின்பு உடைத்தவருக்குக் குளவி தெரிந்தது. நடுவில் நடந்தது மாற்றமல்ல, உணவு. முட்டையிலிருந்து வந்த குளவிப்புழு அடைத்துவைத்ததைத் தின்று வளர்ந்தது.

இவற்றை வேட்டைக் குளவிகள் என்பதே சரி. இரையைத் தூக்கி வந்து கூட்டில் வைப்பவை அவை. ஒட்டுண்ணிக் குளவி கூடு கட்டித் தராது. அது தாக்கிய புழு பெரும்பாலும் தன் செடியிலேயே தின்றுகொண்டு நடமாடும்.

வீட்டுக்குள் ஒரு கறுப்புப் பூச்சி, சிலந்திபோலக் கால்கள், குட்டி வயிற்றைக் கொடிபோல மேலும் கீழும் ஆட்டுகிறது.

எவானியா என்ற குளவி அது. கரப்பான்பூச்சியின் முட்டைப்பெட்டிக்குள் தன் முட்டையை வைக்கும். ஒரே புழு பெட்டியில் உள்ள எல்லா முட்டைகளையும் தின்றுவிடும். உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அது வந்திருக்கிறது என்றால் கரப்பான் எங்கோ முட்டையிட்டிருக்கிறது. பெட்டி கிடைத்தால் பாருங்கள்: கரப்பான் குஞ்சுகள் தையல் ஓரமாகப் பிளந்து வெளிவரும், குளவி பக்கத்தில் வட்டத் துளையிட்டு வரும்.

இக்னியூமோனிட், பிரக்கோனிட் என்று ஒட்டுண்ணிக் குளவிகளில் இரண்டு குடும்பப் பெயர்கள் அடிபடுகின்றன. எப்படிப் பிரிப்பது?

அளவை நம்பாதீர்கள், பிரக்கோனிட் பொதுவாகச் சிறியது என்றாலும் விதிவிலக்குகள் நிறைய. முன்னிறக்கையை விரித்து, நடுப்பகுதிக்குக் கீழே குறுக்கே ஓடும் நரம்புகளைப் பாருங்கள். அங்கே இரண்டு குறுக்கு நரம்புகள் இருந்தால் இக்னியூமோனிட். வெளிப்புற நரம்பு இல்லாமல் ஒன்று மட்டும் இருந்தால் பிரக்கோனிட். இக்னியூமோனிட்டின் இறக்கை நடுவில் உள்ள பெரிய அறை பக்கவாட்டில் பார்த்த குதிரைத் தலைபோல இருக்கும். ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது. நரம்பே இல்லாததுபோல, முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கோடு மட்டும் இருந்து, உடல் பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல மின்னினால் கால்சிட் கூட்டம்.

புகைப்படம் அனுப்புபவர்கள் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, விரித்த இறக்கை ஒன்று, பக்கத்தில் அளவுகோலோடு எடுங்கள். எந்தச் செடியில், எந்தப் பூச்சியின் மேல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பல சமயம் படத்தைவிட அந்த ஒரு வரியே அடையாளம் காட்டிவிடும்.

சந்தேகமான புழுவையோ மம்மியையோ வைத்திருந்து என்ன வருகிறது என்று பார்க்க முடியுமா?

முடியும், அடையாளம் காண அதைவிட நல்ல வழி இல்லை. அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டி, அடியில் மடித்த டிஷ்யூ தாள், வாய்க்கு மெல்லிய நெருக்கமான துணி, ரப்பர் வளையம். மூடியால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து, அந்த நீர்த்துளியிலேயே சிறு குளவிகள் ஒட்டிச் செத்துவிடும். முட்டை ஒட்டுண்ணி என்றால் துணியின் கண்வழியே தப்பிவிடும்; பஞ்சடைத்த சோதனைக் குழாய்தான் சரி.

ஒரு புட்டியில் ஒரு வகைப் பூச்சி மட்டும். இரண்டைச் சேர்த்து வைத்தால் எதிலிருந்து எது வந்தது என்றே தெரியாமல் போய்விடும். உயிருள்ள புழுவாக இருந்தால் தினமும் அதே செடியின் புதிய இலை கொடுத்து, எச்சத்தை அகற்றுங்கள். வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தேதி, செடி, பூச்சி மூன்றையும் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். முதல் குளவி வந்ததும் புட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். இரண்டாம்நிலை ஒட்டுண்ணி பிந்தித்தான் வரும். நான்கு வாரம் பொறுங்கள். அடையாளத்துக்கு வேண்டியதை 70 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலில் போடுங்கள். வெறுமனே உலரவிட்டால் குட்டிக் குளவிகள் சுருங்கிவிடும். மிச்சத்தை எடுத்த செடியருகே விட்டுவிடுங்கள்.

இவை நிஜமாகவே ஒரு பூச்சியைக் கட்டுப்படுத்துமா? தோட்டத்தில் இவை தங்க என்ன செய்ய வேண்டும்?

மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானவர்களின் உணவுப்பயிரை அழித்தது. அதன் தாயகத்தில் தேடியதில் 1981-இல் பராகுவேயில் அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி கிடைத்தது. பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில் அதை நைஜீரியா தொடங்கிப் பல நாடுகளில் விட்டார்கள்; மாவுப்பூச்சி அடங்கியது. அந்தப் பணிக்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தோட்டத்தில் செய்யவேண்டியது மூன்று. குளவியின் வாய் குட்டையானது; ஆழமான பூவில் தேன் எடுக்க முடியாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை போன்ற திறந்த சிறு பூக்களைக் கொஞ்சம் பூக்கவிடுங்கள். சர்க்கரை கிடைக்காத குளவி ஓரிரு நாளில் சாகும், கிடைத்தால் பல நாள் வாழ்ந்து முட்டையிடும். இரண்டாவது, எறும்பு. தேன்துளிக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல்காக்கும் எறும்புகள் குளவியை நெருங்கவிடாது. மரத்தண்டில் பசைப்பட்டை சுற்றி எறும்பை மறித்தாலே ஒட்டுண்ணி பெருகுவதைப் பார்க்கலாம். மூன்றாவது, மருந்து. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் இலையில் தங்கி, பிறகு வந்து நடக்கும் குளவியையும் கொல்லும். சோப்புக் கரைசல் ஈரமாகப் படும்போது மட்டுமே கொல்லும், காய்ந்தபின் பாதிப்பில்லை. தெளிக்கத்தான் வேண்டும் என்றால் தாக்கிய கிளையில் மட்டும், குளவி நடமாட்டம் குறைந்த மாலையில், மம்மிகள் உள்ள இலைகளை விட்டுத் தெளியுங்கள்.

குளவி என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கால்சிட் கூட்டத்திலேயே செடியைத் தாக்குபவையும் உண்டு. கல்யாண முருங்கையின் இலையிலும் தண்டிலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்வது குவாட்ராஸ்டிகஸ் என்ற குளவி. 2005-இல் ஹவாய்த் தீவுகளுக்குள் நுழைந்து அங்கிருந்த இவ்வகை மரங்களைப் பெருமளவில் அழித்தது. 2008-இல் அதைத் தாக்கும் யூரிடோமா என்ற இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே மரங்கள் தேறத் தொடங்கின. முடிச்சுள்ள இலையை வெட்டிப் பார்த்து, உள்ளே செடியின் சதைக்குள் வெள்ளைப் புழு இருந்தால் அந்தக் கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.